மாங்காய் போட்ட கிட்டார்

அம்மாவின் கல்யாணப் பட்டு போன பொங்கலுக்கு பீரோவிலிருந்து வெளியே வந்தது. உதறிப் பார்த்தால் மடிப்பு விழுந்த இடங்களிலெல்லாம் ஸ்கேல் வைத்துக் கீறியதுபோல நேர்கோடாக விட்டுப்போயிருந்தது. யாரும் கிழிக்கவில்லை. வருஷக்கணக்கில் ஒரே மடிப்பில் கிடந்தால் பட்டு அப்படித்தான் ஆகும். "மடிப்ப மாத்தி மாத்தி வைடின்னு உங்க பாட்டி படிச்சுப் படிச்சுச் சொன்னா. நான்தான் கேக்கல" என்றாள் அம்மா.

1991-இல் காஞ்சிபுரத்தில் எடுத்த புடவை. அரக்கு நிற உடல், கிளிப்பச்சைக் கரை, உடல் முழுக்கச் சின்னச் சின்ன மாங்காய் புட்டா, முந்தானையில் பெரிய பெரிய மாங்காய்கள். எனக்கென்று எடுத்து வைத்தது.

பழைய பட்டுப்புடவை வாங்குகிறேன் என்று தெருவில் கூவிக்கொண்டு வருகிறவரை அம்மா கூப்பிட்டுக் காட்டினாள். ஆயிரத்து இருநூறு ரூபாய் என்றார். அவர் விலை சொன்னது துணிக்கு இல்லை, ஜரிகைக்கு. வாங்கிப்போய் எரிப்பார்கள், எரிந்ததிலிருந்து வெள்ளியைப் பிரித்தெடுப்பார்கள். அம்மா கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தாள். கூடத்தில் நான் ஒரு மரத்துண்டுக்கு உப்புத்தாள் போட்டுக்கொண்டிருந்தேன்.

"இதும்மேல துணி ஒட்டப்போறேன்னு சொன்னியே. இதையே ஒட்டிக்கோயேன்டி. எரிக்கிறதுக்கு இது மேல்."

அந்த மரத்துண்டு ஒரு எலெக்ட்ரிக் கிட்டாரின் உடல். இடித்த வீட்டுச் சாமான்கள் விற்கும் கடையில் வாங்கிய தேக்குக் கதவுப் பலகை. தெருமுனைப் பட்டறை ஆசாரி அண்ணன், நான் கொடுத்த காகித அச்சை வைத்து டெலிகாஸ்டர் வடிவத்தில் அறுத்துக் கொடுத்தார். "இது என்னம்மா, உக்கார்ற பலகையா?" என்று கடைசி வரை கேட்டுக்கொண்டே இருந்தார். கழுத்துப் பகுதியும் பிக்கப்புகளும் ஆன்லைனில் வாங்கியவை. பெயிண்ட் அடிப்பதற்குப் பதில் துணி ஒட்டலாம் என்ற ஆசை ஒரு போட்டோவைப் பார்த்து வந்தது. 1968-இல் ஃபெண்டர் கம்பெனி செய்த டெலிகாஸ்டர் அது. இளஞ்சிவப்பில் பளபளக்கும் உடல், அது நிறைய மாங்காய்கள். நம் ஊர் மாங்காயேதான்.

சந்தையில் ஒரு மீட்டர் காட்டன் எடுத்து ஒட்டிவிடலாம் என்றுதான் இருந்தேன். அம்மாவின் புடவையில் கத்தரி வைப்பது வேறு விஷயம். சரி என்று சொல்ல எனக்கு இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதமும் ஒரு கேள்வியைத்தான் துரத்திக்கொண்டிருந்தேன். இந்த மாங்காய் கலிபோர்னியாவுக்கு எப்படிப் போனது?

*

முதலில் ஒரு ஏமாற்றம். 1968 கிட்டாரில் இருப்பது துணியே இல்லை. வால்பேப்பர்.

லியோ ஃபெண்டர் தன் கம்பெனியை 1965 ஜனவரியில் சி.பி.எஸ். நிறுவனத்துக்கு 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு விற்றுவிட்டார். டெலிகாஸ்டர் அப்போதே பழைய சரக்கு. 1950-இல் வந்த வடிவம். ஒரு தட்டைப் பலகை, இரண்டு பிக்கப், நான்கு திருகில் பூட்டிய கழுத்து, அவ்வளவுதான். புது முதலாளிகளுக்கு இளைஞர்களைப் பிடிக்க வேண்டியிருந்தது. சான் ஃபிரான்சிஸ்கோவின் ஹிப்பிக் கோடை 1967-இல் முடிந்திருந்தது. 1968 தொடக்கத்தில் பீட்டில்ஸ் ரிஷிகேஷில் உட்கார்ந்திருந்தார்கள். சட்டை, டை, திரைச்சீலை எல்லாவற்றிலும் இந்த வளைந்த மாங்காய் ஏறியிருந்தது. கிட்டாரிலும் ஏற்றிவிட்டால் என்ன?

போர்டன் கெமிக்கல் கம்பெனி 'க்ளிங்-ஃபாயில்' என்று ஒரு சுவர்த்தாள் விற்றது. பின்னாலேயே பசை உள்ள, பளபளப்பான தாள். ஃபெண்டர் அதை வாங்கி கிட்டாரின் முன்னும் பின்னும் ஒட்டியது. தட்டைப் பலகை என்பதால்தான் அது சாத்தியம். அவர்களுடைய இன்னொரு மாடலான ஸ்ட்ராட்டோகாஸ்டருக்கு உடம்போடு ஒட்டிக்கொள்ளும்படி சரிவுகள் உண்டு. அதன்மேல் தாள் ஒட்டினால் சுருங்கும். டெலிகாஸ்டரின் பக்கவாட்டு விளிம்பில் தாள் முடியும் இடத்தை மறைக்க அதே நிறத்தில் பெயிண்டைப் புகைபோலத் தெளித்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலே கெட்டியான கிளியர் கோட். பிக்கப்பைச் சுற்றி வரும் தகட்டைக்கூடக் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக்கில் செய்தார்கள், மாங்காய் மறையக் கூடாதென்று. ஒன்று 'பெய்ஸ்லி ரெட்', இன்னொன்று நீலப் பூப்போட்ட 'ப்ளூ ஃப்ளவர்'.

அதிக நாள் ஓடவில்லை. தாளின்மேல் ஊற்றிய கிளியர் வெடித்தது. சிலவற்றில் தாள் அடியிலிருந்து குமிழ் விட்டது. சீக்கிரமே உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். எல்விஸ் பிரெஸ்லியின் கிட்டார்காரர் ஜேம்ஸ் பர்ட்டன் மட்டும் இல்லையென்றால் இதை எல்லோரும் மறந்திருப்பார்கள். அவருக்கு கம்பெனியே ஒன்றைக் கொடுத்தது. ரொம்பவும் மினுக்கலாக இருக்கிறதே என்று மேடைக்குக் கொண்டுபோகத் தயங்கியதாக அவரே சொல்லியிருக்கிறார். 1969-இல் லாஸ் வேகாஸில் எல்விஸின் பின்னால் நின்று அதை வாசிக்க ஆரம்பித்தார், அது அவருடைய அடையாளமாகவே ஆகிப்போனது. எண்பதுகளில் ஜப்பானில் அதை மறுபடி செய்து விற்றார்கள்.

எனக்கு இடறியது அந்தப் பெயர். பெய்ஸ்லி. அது ஸ்காட்லாந்தில், கிளாஸ்கோவுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு ஊரின் பெயர். காஞ்சிபுரம் மாதிரி, நெசவாளிகள் ஊர்.

*

ஆனால் பெய்ஸ்லிக்கு முன்னால் காஷ்மீர்.

அங்கே பஷ்மினா நூலில் சால்வை நெய்தார்கள். கானி நெசவு என்று பெயர். ஊடு நூல் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு ஒரே ஓட்டமாக ஓடாது. ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாகச் சின்ன மரக்குச்சி. அந்த நிறம் தேவைப்படும் இடத்தில் மட்டும் நுழைந்து திரும்பும், பக்கத்து நிறத்தோடு கோத்துக்கொள்ளும். நம் ஊர்க் கோர்வைக் கரையில் உடல் நூலும் கரை நூலும் கோத்துக்கொள்கிறதே, அதைப் புடவை முழுக்க ஒவ்வொரு இலைக்கும் இதழுக்கும் செய்வதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வடிவம் வரைபவர் ஒருவர், நிறம் சொல்பவர் ஒருவர், அதைக் குறியீடாக எழுதுபவர் ஒருவர். அந்தக் குறியீட்டுக்கு தாலிம் என்று பெயர். அதை ஒருவர் உரக்கப் படிக்க, நெசவாளிகள் கேட்டுக் கேட்டு நெய்தார்கள். ஒரு நல்ல சால்வைக்கு ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகும்.

அதில் வரும் பூங்கொத்து வடிவத்துக்கு பூட்டா என்று பெயர். நம் தறிக்காரர்கள் சொல்லும் 'புட்டா'வும் அதே சொல்தான். பதினேழாம் நூற்றாண்டில் வேரும் பூவுமாக இருந்த அந்தச் செடி, மெல்ல மெல்லத் தலை சாய்ந்து, நுனி வளைந்து, நாம் மாங்காய் என்று சொல்லும் உருவத்துக்கு வந்து சேர்ந்தது. நமக்கு மாங்காய். ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு பைன் காய். வேல்ஸ்காரர்களுக்கு பேரிக்காய். அமெரிக்காவில் ஒட்டுப்போர்வை தைக்கும் பெண்கள் இதற்கு 'பாரசீக ஊறுகாய்' என்று பேர் வைத்திருந்தார்கள். மாங்காயிலிருந்து ஊறுகாய்க்கு ரொம்ப தூரமில்லை.

அழகு இதுவரைதான். 1846-இல் ஆங்கிலேயர் காஷ்மீரை 75 லட்சம் ரூபாய்க்கு குலாப் சிங்குக்குக் கைமாற்றினார்கள். அந்த அமிர்தசரஸ் ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு உண்டு: மகாராஜா வருஷாவருஷம் ஒரு குதிரை, பன்னிரண்டு சால்வை ஆடுகள், மூன்று ஜோடி காஷ்மீர் சால்வைகள் கொடுக்க வேண்டும். சால்வை நெய்கிறவர்களைப் பற்றி ஒப்பந்தத்துக்குக் கவலை இல்லை. அவர்களுக்கென்று 'தாக் சால்' என்று ஒரு வரி இலாகா இருந்தது. சால்வையில் முத்திரை குத்தி வரி வாங்கும். பட்டறை முதலாளியை விட்டு நெசவாளி போக முடியாது. கூலியில் பெரும்பகுதி வரிக்கே போகும். ஊரை விட்டு பஞ்சாபுக்கு ஓடிப்போனவர்கள் ஏராளம்.

1865 ஏப்ரல் 29-ஆம் தேதி ஸ்ரீநகரின் சால்தகர் மைதானத்தில் நெசவாளிகள் கூடினார்கள். வரியைக் குறைக்கச் சொல்லி ஊர்வலம் போனார்கள். படை வந்தது. துரத்தப்பட்டவர்கள் வாய்க்காலில் விழுந்தார்கள். 28 பேர் செத்ததாகச் சொல்கிறார்கள். சிகாகோவின் ஹேமார்க்கெட்டுக்கு 21 வருஷம் முந்தைய சம்பவம் இது.

இதைப் படித்த ராத்திரி அந்த வால்பேப்பர் கிட்டாரின் போட்டோவை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று சொல்லத் தெரியவில்லை.

*

கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தச் சால்வைகளை மனைவிக்கும் மகளுக்கும் கொண்டுபோனார்கள். நெப்போலியனின் ஜோசஃபின் பெட்டி பெட்டியாகச் சேர்த்தார். எல்லோருக்கும் வேண்டும், எல்லோராலும் வாங்க முடியாது. இப்படி ஒரு நிலைமை வந்தால் அடுத்து நகல்தான் வரும். எடின்பரோவும் நார்விச்சும் முதலில் நகல் செய்தன. 1805 வாக்கில் பெய்ஸ்லியும் இறங்கியது. புதுச் சால்வைகள் லண்டனுக்கு வந்து இறங்கியதும் அவற்றின் வடிவத்தைப் பார்த்து வரைந்து வர ஆட்களை அனுப்பினார்கள். பிற்பாடு துளை போட்ட அட்டைகளால் ஓடும் ஜக்கார்டு தறி வந்தது. தாலிமை உரக்கப் படிக்க ஆள் வேண்டாம், அட்டை போதும். விலை பல மடங்கு இறங்கியது. கடைசியில் அந்த வடிவத்துக்கே நகல் செய்த ஊரின் பெயர் ஒட்டிக்கொண்டது.

இங்கே கோபப்பட வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. 'திருடிட்டான்டா வெள்ளைக்காரன்' என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். ஆனால் பெய்ஸ்லி நெசவாளிகளைப் பற்றிப் படிக்கப் படிக்க அது அவ்வளவு சுலபமாக இல்லை. தறியில் உட்கார்ந்துகொண்டே கவிதை எழுதியவர்கள் அந்த ஊரில் இருந்தார்கள். ராபர்ட் டானஹில் அப்படி ஒருவர். அவருக்கு முன்னால் அலெக்சாண்டர் வில்சன். தொழிலாளிகளை ஏய்த்த ஒரு ஆலை முதலாளியைக் கிண்டலடித்துப் பாட்டு எழுதினார். அதை ஊர் நடுவே அவர் கையாலேயே எரிக்க வைத்து, சிறையிலும் போட்டார்கள். 1794-இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறி, அங்கே பறவைகளை வரைந்து பெரிய பெயர் வாங்கினார். 1820-இல் மேற்கு ஸ்காட்லாந்தில் ஓட்டுரிமை கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தில் பெய்ஸ்லி தறிகளும் நின்றன. 1840-களின் தொடக்கத்தில் ஊரே திவாலானது. வியாபாரம் எழட்டும் என்று விக்டோரியா ராணியே பெய்ஸ்லி சால்வைகள் வாங்கினார்.

பிறகு 1870-களில் ஃபேஷன் மாறியது. பாவாடையின் பின்பக்கம் உப்பிய உடை வந்ததும் சால்வை அதன்மேல் சரியாக உட்காரவில்லை. 1870-71 போரில் காஷ்மீர் சால்வைக்கு இருந்த பிரெஞ்சு சந்தை முறிந்தது. 1877-இல் காஷ்மீரில் தொடங்கிய பஞ்சத்தில் நெசவாளிகள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். அசலை நெய்தவனும் நகலை நெய்தவனும் ஏறத்தாழ ஒரே பத்து வருஷத்துக்குள் தறியை இழந்தார்கள். மாங்காய் மட்டும் பிழைத்தது. அதற்குத் தறி தேவையில்லை, அச்சடித்தால் போதும். அச்சிலேயே பிழைத்து, தொண்ணூறு வருஷம் கழித்து, கலிபோர்னியாவில் ஒரு தாளின்மேல் ஏறி உட்கார்ந்தது.

*

கையில் ஒரு நெய்த மாங்காய் இருக்கிறது. அதைப் பிளாஸ்டிக் பூச்சுக்கு அடியில் போட்டால் நானும் அதை ஒரு வால்பேப்பர் ஆக்கிவிடுகிறேனா? இதுதான் என் தயக்கம். அம்மாவிடம் சொன்னேன். "அது ஏற்கெனவே பீரோல கிடந்து கிழிஞ்சாச்சு. நீ வேற யோசிச்சு யோசிச்சுக் கிழிக்காத" என்றாள்.

எனக்குத் தைரியம் கொடுத்த இன்னொருவர் குவீன் இசைக்குழுவின் பிரையன் மே. 1963-இல், பதினாறு வயதில், கிட்டார் வாங்கக் காசில்லாமல் எஞ்சினியரான அப்பாவோடு சேர்ந்து வீட்டிலேயே ஒன்றைச் செய்ய ஆரம்பித்தார். கழுத்துக்கு ஒரு பழைய கணப்படுப்பின் மரச்சட்டம்; அதிலிருந்த புழு ஓட்டைகளை தீக்குச்சியால் அடைத்தார்கள். ஸ்பிரிங்குகள் ஒரு பழைய மோட்டார் சைக்கிளிலிருந்து. கழுத்தில் புள்ளி வைக்க அம்மாவின் தையல் பெட்டியில் இருந்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள். அந்த கிட்டாரைத்தான் 2002-இல் பக்கிங்ஹாம் அரண்மனைக் கூரையில் நின்று வாசித்தார். அம்மாவின் பெட்டியிலிருந்து எடுத்தது கிட்டாரில் ஏறுவது புதிதொன்றும் இல்லை.

முதலில் ஜாக்கெட் துணியில் சோதனை செய்தேன். தண்ணீர் கலந்த ஃபெவிகாலை மரத்தில் தடவி ஒட்டினேன். இரண்டு பாடம் கிடைத்தது. பட்டு நனைந்தால் கண்ணாடி மாதிரி ஆகிவிடுகிறது, அடியில் தேக்கின் பழுப்பு தெரிந்து அரக்கு அழுக்காகிவிடுகிறது. மரத்துக்கு வெள்ளை பிரைமர் அடித்து மறுபடி ஒட்டினால், துணிச் சாயம் இறங்கி வெள்ளையில் பீட்ரூட் கறை. அப்புறம்தான் பிடிபட்டது: தேக்கின் எண்ணெய்ப் பசையைத் தின்னர் போட்டுத் துடைக்கணும். பிரைமர் அடிக்கணும். துணியின் இரண்டு பக்கமும் கிளியரை லேசாக விசிறி, சாயத்தை அதிலேயே கட்டிப்போடணும். அதற்குப் பிறகுதான் பசை.

ஜரிகையில் இன்னொரு சந்தேகம். உலோகம் என்றால் மின்சாரம் பாயுமே, பிக்கப் ஒயரில் பட்டால் சத்தமே வராதே. மல்டிமீட்டரின் இரண்டு முனையையும் ஒரு ஜரிகை இழையில் வைத்தேன். பீப் என்றது. "என்னடி சொல்லுது?" என்று அம்மா எட்டிப் பார்த்தாள். "ஜரிகைல கரண்ட் பாயுதும்மா, உலோகம்தான், பிளாஸ்டிக் இல்ல" என்றேன். "அதான். அசல் ஜரிகைன்னு அப்பவே சொன்னாங்க" என்று நிமிர்ந்து நடந்து போனாள். செம்பு ஜரிகையும் பீப் என்றுதான் சொல்லும். அதை நான் சொல்லவில்லை.

கத்தரியை அம்மாதான் பிடித்தாள். முந்தானையை விட்டுவிட்டு, கிழிசல் விழுந்த உடல் பகுதியில் மட்டும் வெட்டினாள். கிட்டார் உடல் நீளவாக்கில் 40 சென்டிமீட்டர். மடிப்புக்கும் மடிப்புக்கும் இடையே முழுசாக இருந்த துணி அவ்வளவு இல்லை. எப்படித் திருப்பினாலும் ஒரு கிழிசல் நடுவே வந்தது. அதை தந்திகள் ஓடும் கோட்டுக்கு நேர் அடியில் வருகிற மாதிரி வைத்து, இரண்டு விளிம்பையும் சேர்த்து ஒட்டினோம். பின்பக்கம் தேக்கு அப்படியே. விளிம்பில் மிஞ்சியதை பிளேடால் நறுக்கி, ஃபெண்டர்காரர்கள் செய்த மாதிரியே அரக்கு நிறத்தைப் புகையாகத் தெளித்து மறைத்தேன்.

கிளியர் அடிக்க ஒரு கார் பெயிண்டிங் பட்டறைக்குப் போனேன். பம்பர்களுக்கு நடுவே இதையும் தொங்கவிட்டு அடித்துக் கொடுத்தார்கள். நெசவின் மேடுபள்ளம் மூழ்கும் வரை கோட் மேல் கோட். ஒவ்வொன்றும் காய்ந்ததும் தண்ணீர் தொட்டு வாட்டர் பேப்பர், 400-இல் ஆரம்பித்து 2000 வரை. துணியைத் தொட்டுவிட்டால் போச்சு, அதனால் வீட்டில் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் தேய்த்தேன். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் நூல் தெரிகிறது. இழை மேலே ஏறி, கீழே இறங்கிப் போவது தெரிகிறது. வால்பேப்பரில் இது இருந்திருக்காது.

*

கழுத்தைப் பூட்டுவதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருந்தது.

ஐம்பதுகளின் ஃபெண்டர் கிட்டார்களில் கழுத்தைக் கழற்றினால் அடியில் சிலவற்றில் 'டி.ஜி.' என்று பென்சில் எழுத்து இருக்கும், தேதியோடு. டாடியோ கோமெஸ் என்ற மெக்சிக வம்சாவளித் தொழிலாளியின் கையெழுத்து. கழுத்தை இழைத்துச் சீவியவர் அவர். வாசிப்பவர் கண்ணுக்கு ஒருபோதும் படாத இடம். ஒயரிங் செய்த பெண்களும் குழிக்குள் ஒரு துண்டு டேப்பில் தங்கள் பெயரை எழுதி ஒட்டியிருக்கிறார்கள். இன்று சேகரிப்பவர்கள் அந்த எழுத்துக்காகவே தனி விலை கொடுக்கிறார்கள்.

கானிச் சால்வைகளில், மியூசியத்தில் இருப்பவற்றில்கூட, நெய்தவர் யார் என்று பெரும்பாலும் தெரியாது. அம்மாவிடம் கேட்டேன், இந்தப் புடவையை நெய்தது யாரென்று. கடையில் எடுக்கவில்லையாம், தறி வீட்டுக்கே போய் எடுத்தார்களாம். வாசல் திண்ணை, உள்ளே குழித்தறி, மூலையில் உட்கார்ந்து தார் சுற்றிக்கொண்டிருந்த அவர் மனைவி, அந்த அம்மா கொடுத்த மோர், எல்லாம் ஞாபகம் இருக்கிறது. "ஜக்கார்டு அட்டை மேல டக்கு டக்குன்னு மாறும், அதையே பாத்துட்டு நின்னேன். கல்யாணப் பொண்ணு பாரு, எனக்கு வேற எதுவும் ஓடல." பெயர்? ரொம்ப நேரம் யோசித்தாள். "கேக்கவே இல்லடி."

பென்சிலை எடுத்து கழுத்து உட்காரும் குழிக்குள், பிரைமர் படாத தேக்கில் எழுதினேன். ஆசாரி அண்ணன் பெயர். கிளியர் அடித்த பையன் பெயர். வெட்டியது அம்மா, ஒட்டியது நான். அதற்குக் கீழே: நெய்தவர், காஞ்சிபுரம், 1991, பெயர் கேட்கவில்லை.

பிறகு கழுத்தை வைத்து நான்கு திருகையும் முடுக்கினேன்.